உறுதிப்படுத்தாத கூட்டக் குறிப்பு

வாயை மூடிக்கொண்டிருப்பதில் நான் கெட்டிக்காரி. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். எந்தக் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே, "தெரியாது, அடுத்த கிழமை வந்து பாருங்கோ" என்று முகம் மாறாமல் சொல்லப் பழகியவள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த நேரத்தில், நான் படித்த பள்ளிக்கூடத்தின் முகாமைச் சபைக்குச் செயலாளராக வரும்படி கேட்டார்கள். என்னிடம் அவர்கள் கண்ட தகுதி அந்த வாய்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதே வாயால் எங்கள் பள்ளிக்கூடத்தின் உயர்தர வகுப்பை இழுத்து மூடப் பார்த்தேன். நல்ல காலம், அது நடக்கவில்லை. எழுதும்போதே ஒரு பெருமூச்சு வருகிறது.

பள்ளிக்கூடம் பருத்தித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடையில், கடலுக்குக் கிட்ட இருக்கிறது. மிஷன்காரர் தொடங்கியது. அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்த காலத்தில் எடுபடாமல் தப்பியதால், இன்றைக்கும் சபைதான் நடத்துகிறது. பிள்ளைகளில் பாதிப்பேர் எங்களைப் போலக் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களின் பிள்ளைகள். மீதிப்பேர் கரையில் தொழில் செய்கிற சைவக் குடும்பங்களின் பிள்ளைகள். சபையில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஞாயிற்றுக்கிழமைக்காரர். இதில் ஏதும் பிழை இருப்பதாக எனக்கு அறுபத்திரண்டு வயது வரைக்கும் தோன்றவில்லை.

சபை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கூடும். கதவைச் சாத்திவிட்டு முதலில் ஜெபம், பிறகு தேநீரும் ரோல்சும், பிறகு விசயம். நான் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவேன். மிஷன் காலத்திலிருந்து அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார்கள், ஏன் என்று நானும் கேட்டதில்லை. சிவப்பு மட்டை போட்ட பெரிய புத்தகம் அது. கூட்டம் முடிந்ததும் அதை என் வீட்டு அலுமாரிக்குள், கலியாணச் சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுவேன். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து, "திருத்தம் ஏதும் உண்டோ" என்று தலைவர் கேட்பார். ஒருவரும் பேசாவிட்டால் குறிப்பு உறுதியாகிவிடும். தலைவர் கையெழுத்துப் போடுவார். அதுவரைக்கும், சபை என்ன தீர்மானித்திருந்தாலும், தீர்மானிக்காத மாதிரித்தான். உறுதிப்படுத்தாத குறிப்பிலிருந்து ஒரு சொல்லும் வெளியில் போகக்கூடாது. இந்த முறையை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கச்சேரி ரத்தத்தில் ஊறியிருந்தது.

அந்த வருடம் தை மாதக் கூட்டத்தில் ஒரு பாரமான விசயம் வந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு வருடமான உயர்தர வகுப்புகள் நடந்த மேல்மாடியில், தெற்குப் பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்திருந்தது. பழைய மாணவரான ஒரு பொறியியலாளர் வந்து பார்த்து, திருத்தும் வரைக்கும் அங்கே பிள்ளைகளை இருத்த வேண்டாம் என்று எழுதித் தந்தார். சபை இரண்டு மணித்தியாலம் யோசித்தது. கடைசியில் மூன்று தீர்மானங்கள். மேல்மாடியை உடனே பூட்டுவது. சித்திரை விடுமுறைக்குப் பிறகு திருத்த வேலையைத் தொடங்கி, அது முடியும் வரை உயர்தர வகுப்புகளை வேறு இடத்தில் நடத்துவது. மூன்றாவது, எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் உயர்தர வகுப்புகளைத் தொடர்ந்து நடத்துவது. அந்த மூன்றாவது வசனத்தை நான் என் கையாலே எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், பிழை இல்லாமல்.

"இது வெளியிலை போகக்கூடாது," என்று தலைவர் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற டொக்டர், எண்பது வயது. "வெடிச்ச சுவர் எண்டு கேட்டால் சனம் வெருண்டுபோகும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மற்றவர்களைவிட ஒரு ஆட்டு கூடவே ஆட்டியிருப்பேன்.

மறுநாள் மேல்மாடிக்குப் பூட்டுப் போட்டார்கள். உயர்தரப் பிள்ளைகளை ஒரு காரணமும் சொல்லாமல் கீழே நூலகத்துக்குள் நெருக்கி இருத்தினார்கள். ஒரு கிழமை கழித்து இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்து, லொறி எந்தப் பக்கத்தால் வரலாம், சாரம் எங்கே கட்டலாம் என்று வளவை அளந்தார்கள். யாரோ மதிலுக்கு வெளியே நின்று அதைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று பின்னேரமே கனடாவிலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை அழைத்தாள்.

"அக்கா, பள்ளிக்கூட வளவை ஹோட்டலுக்கு விக்கினமாம், மெய்யே?"

"உனக்கு அங்கை வேலை இல்லையோ?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்தத் தங்கை ஒருத்திக்குச் சொன்னால் நானூறு பேருக்குச் சொன்னதற்குச் சரி. ஆனால் குறிப்பு இன்னும் உறுதியாகவில்லையே. அதற்குள் தலைவர் பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டன் போய்விட்டார். மூன்று கிழமை அங்கே நின்றார்.

கதை வளர்ந்தது. ஹோட்டல் என்று தொடங்கியது, உயர்தர வகுப்பை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று திரும்பியது. பிறகு அதைவிட மோசமான ஒன்று வந்தது. "வேதக்காரர் கரைப் பிள்ளையளைக் கலைக்கிறதுக்குத்தான் உந்த வேலை" என்று. வேதக்காரர் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்காரரான நாங்கள். இதை எனக்குச் சொன்னது கடைக்காரர். முப்பது வருடமாக எனக்கு அரிசி நிறுத்துத் தருகிறவர், நிறுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல, அப்படி ஒரு கதையைக் கட்டினவர்கள் மேல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் மீன் கூறுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் மீனை ஏலம் விடுவதைக் கூறுவது என்று சொல்வோம். காலையில் வள்ளங்கள் வந்ததும் மீனைக் குவித்து வைப்பார்கள். இவர் நடுவில் நின்று விலையை உரக்கக் கூறுவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, ஆனால் குரல் வீதி வரைக்கும் கேட்கும். அவருடைய மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தாள். அந்த வகுப்பில் ஏழு பேர்தான். ஏழு பேரில் இவள்தான் முதலாவது. கரையிலிருந்து கணிதம் படிக்க வந்த முதல் பெண்ணும் இவள்தான். தாய்க்கு முதுகு நோ, வீட்டு வேலை பாதி இவளுடைய தலையில். யாழ்ப்பாணத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து படிக்க அவளால் முடியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இருந்தால் படிப்பாள், இல்லாவிட்டால் படிப்பு அதோடு சரி.

அவர் என்னிடம் முதலில் கேட்டது கரையில்தான். கூறி முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அக்கா, மேல்வகுப்பு மூடுறதோ?"

நான் விளைமீன் இருக்கிறதோ என்று கேட்டேன். இருக்கிறது என்று சொல்லி, நல்லதாக ஒன்றைப் பொறுக்கித் தந்தார்.

இரண்டாவது தரம் பஸ்ஸில். நான் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் பிரஷர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பின்னால் நின்றவர், இடம் கிடைத்ததும் என் சீற்றுக்கு முன்னால் வந்து இருந்தார். திரும்பிப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். அதே சொற்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

மூன்றாவது தரம் என் வீட்டுப் படலைக்கு வந்தார். வெள்ளைச் சேட்டும் வேட்டியும் போட்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அக்கா, மேல்வகுப்பு மூடுறதோ?"

"தம்பி, சபை விசயம் நான் கதைக்கேலாது. கோவிக்காதையுங்கோ."

"கோவிக்கேல்லை," என்றார். படலையை இழுத்துச் சாத்தினார். பிறகு, "சரி அக்கா, விளங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அவர் விளங்கிக்கொண்டதில் நிம்மதியாகவே இருந்தது. முறை தெரிந்த மனுசன், மற்றவர்களைப் போல நச்சரிக்கவில்லை என்று என் கணவரிடம் மெச்சிச் சொன்னேன். கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "உமக்கு என்ன விளங்கினது?" என்று கேட்டார். அவர் சில நேரம் அப்படி எரிச்சல் வருகிற மாதிரிக் கேட்பார்.

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூட அதிபர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் சரியில்லை. கணிதப் பிரிவில் நாலு பிள்ளைகளின் பெற்றோர் விடுகைப் பத்திரம் கேட்டு எழுதித் தந்துவிட்டார்கள் என்றார். பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கும்போது கொடுக்கிற பத்திரம் அது. அதை வாங்கினால் பிள்ளை இனி எங்களுடையது இல்லை. முதலில் கேட்டவர் மீன் கூறுகிறவர். மற்ற மூன்று பேரும் அவரைப் பார்த்துக் கேட்டவர்கள்.

"மூண்டு பிள்ளையளை வைச்சு வகுப்பு நடத்திறது எப்பிடி? கணித மாஸ்டர் ஏற்கெனவே வேறை இடம் பாக்கிறார்," என்றார் அதிபர். அந்த மாஸ்டர் அச்சுவேலியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். அவருக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் நடத்துவது என்று தீர்மானித்தாயிற்றே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதிபர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, தாயின் செத்தவீட்டில் நின்றார். பூட்டுப் போடும்படி தலைவர் அவருக்குச் சொல்லியிருந்தார். பூட்டுப் போட்டார். மற்றது அவருக்கே தெரியாது. அந்த வசனம் உலகத்தில் என் அலுமாரிக்குள் மட்டும்தான் இருந்தது.

அன்று பின்னேரம் மீன் கூறுகிறவருடைய வீட்டுக்கு நடந்து போனேன். அவர் முற்றத்தில் வலைத்துண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டார். கோபம் ஒன்றும் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பிள்ளையை ஏன் நிப்பாட்டுறியள்?"

"மூடுற வகுப்பிலை இருந்து என்ன செய்யிறது? அச்சுவேலியிலை தையல் வேலைக்கு ஆள் எடுக்கினம். கூட்டிக்கொண்டு போக அவையின்ரை வான் வருமாம். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கினம்."

"மூடுறது எண்டு ஆர் சொன்னது?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்கள்தான் அக்கா. நான் உங்களிட்டை மூண்டு தரம் கேட்டனான்."

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. பிறகு விளங்கியது. கரையில் மீன் வாங்கப் போய் நானே ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். கடைசி விலையை அவர் மூன்று தரம் கூறுவார். மூன்று தரத்துக்குள் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் எடுபடாது. அந்த மனுசன் இருபது வருடமாக அந்த முறையில் வாழ்கிறவர். என்னிடமும் முறையாகவே கேட்டிருக்கிறார். அதே சொற்களை மாற்றாமல், அவசரப்படாமல், மூன்றாவது தரத்துக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து கேட்டிருக்கிறார். நான் ஒரு தரம் விளைமீன் கேட்டேன். ஒரு தரம் யன்னலைப் பார்த்தேன். ஒரு தரம் கோவிக்காதையுங்கோ என்றேன்.

மகள் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"நான் தையலுக்குப் போகமாட்டன் எண்டு சொல்லேல்லை. சோதினை எழுதிப்போட்டுப் போறன் எண்டுதான் அப்பாட்டைக் கேட்டனான்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

என்னுடைய முப்பத்தொரு வருடக் கச்சேரிப் பழக்கம் அந்த முற்றத்தில்தான் உடைந்தது. சொல்லிவிட்டேன். சுவர் வெடிப்பு, பூட்டு, அளவு நாடா, மூன்றாவது தீர்மானம், எல்லாவற்றையும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முகம் தெளிந்த மாதிரி இருந்தது. நான் எழும்பப் போனேன்.

"காணாது அக்கா," என்றார்.

"என்ன காணாது?"

"எனக்கு மட்டும் சொன்னால் காணாது. மற்ற மூண்டு பேரும் என்னைப் பாத்துத்தான் பிள்ளையளை எடுக்கினம். நான் போய், அக்கா எனக்குத் தனியச் சொன்னவா எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்? கரையிலை ஒருத்தன்ரை காதுக்குள்ளை விலை சொன்னால் அது கள்ள வேலை. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் யோசிக்கிறன்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது நியாயம். வியாழன் பின்னேரம் அது. திங்கள் காலையில் வான் வரும்.

நல்ல காலமாக, தலைவர் முதல் நாள்தான் லண்டனிலிருந்து திரும்பியிருந்தார். அலுமாரியைத் திறந்து சிவப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். இன்னும் பெட்டிகள் அவிழ்க்காமல் விறாந்தையில் கிடந்தன. விசயத்தைச் சொல்லி, பெற்றோரைக் கூட்டித் தை மாதக் குறிப்பை வாசிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"பிள்ளை, பொறுங்கோ," என்றார். என்னைப் பிள்ளை என்று கூப்பிடுகிறவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். "அடுத்த கூட்டத்திலை குறிப்பை உறுதிப்படுத்திப்போட்டு அறிவிப்பம். வெடிச்ச சுவர் எண்டு இப்ப சொன்னால் பிள்ளையளை நிப்பாட்டிப்போடுவினம்."

"சொல்லாமலே நிப்பாட்டிப்போட்டினம் ஐயா."

நான் சிவப்புப் புத்தகத்தை அவருடைய மேசையில் வைத்தேன். வாசிக்க விடாவிட்டால் புத்தகத்தை வைத்திருங்கோ, நான் இனிச் செயலாளர் இல்லை என்றேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்திருந்தது.

டொக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தை மாதக் குறிப்பைத் திறந்து முழுவதும் வாசித்தார். தானே தலைமை வகித்த கூட்டம்தான், ஆனால் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி மெதுவாக வாசித்தார். மூன்றாவது தீர்மானத்தில் விரலை வைத்தார்.

"இது நல்ல தீர்மானம்தானே," என்றார். "இதை ஏன் ஒளிச்சனாங்கள்?"

மற்ற உறுப்பினர்களை அவரே இருந்த இடத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். இரண்டு பேர் முறுகினார்கள். மீதிப்பேர் சரி என்றார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினோம். இவ்வளவு சனத்தைப் பரிசளிப்பு விழாவிலும் நான் கண்டதில்லை. கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பிள்ளைகளை ஏற்றுகிற வான்காரர், கணித மாஸ்டர், பிள்ளைகளே இல்லாத ஆட்கள்கூட வந்திருந்தார்கள். மீன் கூறுகிறவர் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நின்றார். கதவு திறந்திருந்தது.

குறிப்பை நான் வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். முன்பே எழுதிக்கொண்டு வரவில்லை, பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லும்போதுதான் நாங்கள் எவ்வளவு சின்ன விசயத்தை எவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறோம் என்று தெரிந்தது. மூன்றாவது தீர்மானத்துக்கு வந்தபோது நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதை இரண்டு தரம் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று எனக்குள் ஒரு சின்ன ஆசை இருந்ததை மறைக்கமாட்டேன். ஒருவரும் தட்டவில்லை.

திட்டினார்கள். ஒரு தாய் எழும்பி, தன் மகன் போன வருடம் முழுவதும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருந்தவன், எப்போதிருந்து வெடிப்பு என்று கேட்டாள். டொக்டர் எழும்பி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் கண்டோம், கண்டு தை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் பிழை என்றார். எண்பது வயதில் அந்த மனுசன் ஒரு மண்டபத்துக்கு முன்னால் பிழை என்று சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. கடைக்காரர் எழும்பி, கரைப் பிள்ளைகளைக் கலைக்கிற எண்ணம் உண்டோ இல்லையோ என்று நேரடியாகக் கேட்டார். இல்லை என்று நான் சொன்னேன். "அப்ப சபையிலை எங்கடை ஆக்கள் ஏன் ஒருத்தரும் இல்லை?" என்றார். ஒருவரும் இல்லை என்பதை ஒத்துக்கொண்டேன்.

பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. தகப்பன்மாரில் ஒருவர் மேசன். மேல்மாடிப் பூட்டின் திறப்பைத் தாங்கோ, நான் ஒருக்கால் பார்க்கிறேன் என்று மேலே ஏறிப் போனார். அரை மணித்தியாலம் எல்லோரும் காத்திருந்தோம். இறங்கி வந்து, அத்திவாரத்தில் பழுதில்லை, மேல் கட்டுத்தான் விலகியிருக்கிறது, மூன்று மாத வேலை என்றார். பொறியியலாளரும் அதைத்தான் எழுதியிருந்தார். ஆனால் மேசன் சொன்னதும் மண்டபம் மூச்சு விட்டது. மூன்று மாதத்துக்கு வகுப்புகளை எங்கே நடத்துவது என்று கதை வந்தது. எங்கள் ஆலயத்துப் பக்க மண்டபம் சின்னது, இரண்டு வகுப்புக்குக் காணும், மூன்றாவதுக்குக் காணாது. அப்போது வான்காரர், பிள்ளையார் கோயில் மண்டபம் பகலில் சும்மாதானே கிடக்கிறது, கோயில் நிருவாகத்தில் தான் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

எல்லோரும் டொக்டரைப் பார்த்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து வகுப்பு கோயில் மண்டபத்தில். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கணக்குப் படிக்கத்தானே போகினம்," என்றார். "பிள்ளையார் குழப்பமாட்டார்."

அன்றைக்கு முதல் தரமாகச் சனம் சிரித்தது.

மீன் கூறுகிறவர் சிரித்தாரோ என்று பார்த்தேன். கதவடியில் அவர் இல்லை, எப்போதோ போய்விட்டார். வீட்டுக்கு வந்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஆனால் மூன்று தரம் முடிந்த பிறகு சொன்னது எடுபடாது என்பது அவருடைய முறை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்ன பிரசங்கித்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் வேலை ஒன்றும் இல்லாமலே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நூலகத்து யன்னலால் எட்டிப் பார்த்தேன். கணித மாஸ்டர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நெருக்கிப் போட்ட வாங்குகளில் இருந்த கணிதப் பிள்ளைகளை எண்ணினேன். ஏழு. முன் வாங்கில், சுவரோடு ஒட்டி, அவள் இருந்தாள். தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், என்னைக் காணவில்லை. நான் அப்படியே போய்ப் படியில் இருந்துவிட்டேன். சந்தோசத்தில் அழுதேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் அழுதேன். அதிபர் வந்து, பிரஷரோ என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன்.

அடுத்த சபைக் கூட்டம் சித்திரைக்குப் பிறகு வந்தது. கதவு திறந்திருந்தது. பெற்றோர் யாரும் வந்து கேட்கலாம் என்று எல்லோருக்கும் அறிவித்திருந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் இருந்தார்கள். ரோல்ஸ் போதவில்லை, பாதியாக வெட்டிக் கொடுத்தோம். குறிப்பை நான் தமிழில் எழுதத் தொடங்கியிருந்தேன். முதல் வேலை, அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தின் குறிப்பை உறுதிப்படுத்துவது. எழுந்து நின்று வாசித்தேன். நான் எழுதியிருந்த கடைசி வசனம் இது: "தை மாதத் தீர்மானங்கள் பெற்றோருக்கு அறிவிக்கப்பட்டன."

"திருத்தம் ஏதும் உண்டோ?" என்று தலைவர் கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் நான் பேனாவின் மூடியைக் கழற்றித் தலைவரிடம் நீட்டுவேன். அந்த அமைதியில் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. எங்கள் முறையும் கரையின் முறையும் ஒன்றுதான். கேட்கும்போது வாய் திறக்காவிட்டால் முடிந்தது. இவ்வளவு காலம் நானும் அதே விதியில்தான் இருந்திருக்கிறேன், ஆனால் கேட்கும் இடத்தில் கரைக்காரர் ஒருவரும் இருந்ததில்லை. நான் பேனாவை நீட்டவில்லை, பின்னுக்குப் பார்த்தேன்.

மீன் கூறுகிறவர் எழும்பினார். கரையில் நிற்கிற மாதிரியே காலை அகட்டி நின்றார், ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"ஒரு திருத்தம் இருக்கு ஐயா. அறிவிக்கப்பட்டது எண்டு எழுதியிருக்கிறா அக்கா. எங்களுக்கு ஒருத்தரும் வந்து அறிவிக்கேல்லை. நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னவை. அதை உள்ளபடி எழுதுங்கோ."

டொக்டர் என்னைப் பார்த்தார். சபையில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். நான் அந்த வசனத்தில் "பெற்றோருக்கு அறிவிக்கப்பட்டன" என்பதை வெட்டினேன். அதற்கு மேலே, "பெற்றோர் கேட்ட பிறகே தெரிவிக்கப்பட்டன" என்று எழுதி, எழுதியதை உரக்க வாசித்தேன்.

"சரியோ தம்பி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மகளைத் திருப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பிய பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தரம்.

"மூண்டு தரம் கேட்ட பிறகு எண்டு போடுங்கோ, அக்கா."

போட்டேன்.